பாவிச்ச ஹைபிரிட் கார் பற்றரி செல் வாங்கப் போறதுக்கு முதல் விளங்கிக்கொள்ள வேண்டிய விசயம்

எங்கட கார் 2010 மொடல் டொயோட்டா பிரியஸ், மூண்டாம் தலைமுறை, பெற்றோல் எஞ்சினும் பெரிய பற்றரியும் சேந்து ஓட்டுற ஹைபிரிட். கண்டிக்குப் போற வழியில கடுகண்ணாவை ஏத்தத்தில ஏறிக்கொண்டிருக்கேக்க டாஷ்போர்டில சிவப்பு முக்கோணம் ஒண்டு வந்து, பக்கத்தில ஜப்பான் எழுத்தில ஏதோ ஒரு வசனமும் வந்துது. ஜப்பானில இருந்து இறக்கின கார் எண்டபடியா எல்லா எச்சரிக்கையும் ஜப்பான் மொழியிலதான் வரும், காருக்குள்ள இருந்த நாலு பேருக்கும் ஒண்டும் விளங்கேல்ல. கார் இழுக்காம மெதுவாகீட்டுது, பின்சீற்றுக்குப் பக்கத்தில இருந்து ஃபான் சத்தம் ஹெயர் ட்ரையர் மாதிரி கேட்டுது. ஒருமாதிரி கண்டிக்குப் போய்ச் சேந்து ஒரு கராஜில ஸ்கான் பண்ணினா பி0ஏ80 எண்டு ஒரு கோட், ஹைபிரிட் பற்றரி பழுது எண்டு அர்த்தம். "ரெண்டு செல் பழுதாப்போச்சு, மாத்தினா சரி" எண்டிச்சினம். மாத்தினம். சரியா மூண்டு மாசத்தில அதே முக்கோணம், அதே கோட், இந்த முறை வேற செல்.

அதுக்குப் பிறகுதான் உந்தப் பற்றரிக்குள்ள உண்மையில என்ன நடக்குது எண்டு தேடித் தேடிப் படிச்சன், பிறகு தெகிவளையில மச்சான்ட வீட்டு விறாந்தையில வச்சு முழுப் பக்கையும் (எல்லாச் செல்லும் சேந்த பற்றரிப் பெட்டியத்தான் பக் எண்டுறது) பிரிச்சு அளந்து திரும்பப் பூட்டினம். அதில விளங்கினத ஆரம்பத்தில இருந்து எழுதுறன், ஏனெண்டா எங்கட நாட்டில இது கனபேருக்கு வாற பிரச்சினை. 2020 மார்ச்சில வாகன இறக்குமதிய நிப்பாட்டினவை, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலதான் திரும்பத் திறந்தது. அந்த அஞ்சு வருசமா இருந்த பிரியஸ், அக்வா, அக்சியோ எல்லாத்தையும் வச்சே எல்லாரும் ஓடினம், அதால இண்டைக்கு ரோட்டில ஓடுற ஹைபிரிட்டில கனக்க பத்துப் பதினைஞ்சு வயசுப் பற்றரியோடதான் ஓடுது.

முதல்ல சொல்லுப் பிரச்சினைய தீர்ப்பம். கடையில "செல்" எண்டு சொல்லித் தாற அந்தத் தட்டையான கறுப்பு அல்லது சாம்பல் நிறப் பெட்டி இருக்கெல்லோ, ஒரு கிலோ அளவு பாரம், ரெண்டு பக்கமும் ஒவ்வொரு முனை, அது ஒரு செல் இல்ல. அது ஒரு மொடியூல். அதுக்குள்ள ஆறு செல் வரிசையா இருக்கு. நிக்கல் மெற்றல் ஹைட்ரைட் எண்ட வகை, ஒரு செல்லுக்கு 1.2 வோல்ட், ஆறும் சேந்தா 7.2 வோல்ட் (இது பேர்க் கணக்கு, சார்ஜ் இருக்கேக்க மீற்றரில 7.8 அளவு காட்டும்). புதுசில 6.5 அம்பியர் அவர் கொள்ளளவு, அதாவது 6500 மில்லி அம்பியர் அவர். பிரியஸ் ரெண்டாம், மூண்டாம் தலைமுறையில இப்பிடி 28 மொடியூல் ஒண்டுக்குப் பின்னால ஒண்டா கோத்திருக்கு, 28 தர 7.2 எண்டா 201.6 வோல்ட். அக்வாவில 20 மொடியூல், 144 வோல்ட். வேலை ஒண்டுதான், எண்ணிக்கைதான் வேற. நானும் இனி கடைக்காரர் மாதிரி அங்கங்க செல் எண்டு எழுதினா மொடியூல் எண்டே எடுத்துக்கொள்ளுங்கோ.

இப்ப முக்கியமான விசயம். இத விளங்கினா மிச்சமெல்லாம் தானா விளங்கும்.

28 குடம் வரிசையா வச்சிருக்கிறம் எண்டு நினையுங்கோ. சட்டம் ஒண்டே ஒண்டு: எடுக்கேக்க எல்லாக் குடத்திலயும் இருந்து ஒரே அளவு எடுக்கோணும், ஊத்தேக்க எல்லாத்துக்கும் ஒரே அளவு ஊத்தோணும். ஒரு குடத்துக்கு மட்டும் கூட ஊத்த, ஒண்டில இருந்து மட்டும் குறைச்சு எடுக்க ஏலாது. தொடரா இணைச்ச பற்றரி இப்பிடித்தான், ஒரே கரண்ட்தான் எல்லாத்துக்குள்ளாலயும் போகும். புதுசில எல்லாக் குடமும் ஒரே அளவு, பிரச்சினை இல்ல. வருசம் போகப் போக சில குடத்துக்க அடியில மணல் படியுது. வெளியில இருந்து பாக்க அதே குடம், தண்ணி மட்டமும் வாய் வரைக்கும் நிக்குது, ஆனா உள்ளுக்க தண்ணி பாதிதான். இப்ப எல்லாத்திலயும் பத்துக் கோப்பை எடுக்கோணும் எண்டா மணல் படிஞ்ச குடம் ஆறாவது கோப்பையிலயே வறண்டு போயிடும். திரும்ப ஊத்தேக்க அதே குடம்தான் முதல்ல நிரம்பி வழியும்.

பற்றரியில "வறண்டு போறது" எண்டா அந்த மொடியூலுக்குள்ள இருக்கிற பலமில்லாத செல் முடிஞ்ச பிறகும் மற்ற 27 மொடியூலும் அதுக்குள்ளால கரண்ட்டத் தள்ளும், அப்ப அந்தச் செல்லின்ர முனை தலைகீழா மாறத் தொடங்கும், அதோட அதின்ர கதை முடிஞ்சுது. "வழியிறது" எண்டா சூடும் காஸும், பெட்டி வீங்கும், உள்ளுக்க இருக்கிற திரவம் வத்தும். ரெண்டு பக்கத்தாலயும் அடி வாங்கிறது அந்தப் பலமில்லாத ஒண்டுதான், அதால அது இன்னும் கெதியாப் பழுதாகும். முழுப் பக்கின்ர பலமும் அந்த ஒண்டின்ர பலம்தான்.

அப்ப கண்டியில எங்கட காருக்கு என்ன நடந்தது எண்டு பாருங்கோ. ரெண்டு மொடியூல் செத்துப் போச்சு, அந்த இடத்தில வேற ரெண்டப் போட்டாச்சு. ஆனா மிச்சம் 26உம் அதே வயசு, அதே சூடு, அதே ஓட்டம். அதில மூண்டாவதா நலிஞ்சு நிண்டது இப்ப எல்லாத்திலயும் கடைசி. அடுத்தது அதுதான். போட்ட ரெண்டும் எந்தக் காரில இருந்து வந்தது, எவ்வளவு பிடிக்கும் எண்டு ஆரும் அளக்கவும் இல்ல. ஆகவே தேட வேண்டியது "நல்ல செல்" இல்ல, உங்கட பக்கில இருக்கிற மற்றதுகளோட பொருந்திற செல். நான் இத எத்தினை பேருக்குச் சொன்னாலும் அலுக்காமச் சொல்லுறன், ஏனெண்டா காசு போறது இந்த இடத்திலதான்.

அடுத்த சந்தேகம், மீற்றர் வச்சுப் பாத்தா தெரியாதோ? பாதிதான் தெரியும். கடையில மல்ரிமீற்றர வச்சு "பாருங்கோ 7.8 காட்டுது, நல்ல செல்" எண்டு காட்டுவினம். 7.8 எண்டது குடத்தின்ர வாயில தெரியிற தண்ணி மட்டம் மட்டும்தான், மணல் எவ்வளவு எண்டு அது சொல்லாது. நிக்கல் மெற்றல் ஹைட்ரைட்டின்ர குணமே அதுதான், நிறைய சார்ஜ் இருக்கேக்கயும் பாதி இருக்கேக்கயும் வோல்ட் கிட்டத்தட்ட ஒரே மாதிரி நிக்கும், முடியப்போற நேரத்திலதான் திடீரெண்டு விழும். 6000 பிடிக்கிற மொடியூலும் 2000 பிடிக்கிற மொடியூலும் மேசையில சும்மா கிடக்கேக்க ரெண்டும் 7.8 காட்டும். மீற்றர் உறுதியாச் சொல்லுறது ஒண்டு: மற்றதெல்லாம் 7.8 காட்டேக்க ஒண்டு மட்டும் 6.5 காட்டுது எண்டா அதுக்குள்ள ஆறில ஒரு செல் செத்துப் போச்சு. அதத் தூக்கி ஒதுக்கி வைக்கலாம், வேற பேச்சு இல்ல.

காரின்ர கம்பியூட்டரும் ஒவ்வொரு மொடியூலையும் தனித்தனியாப் பாக்கிறேல்ல, ரெண்டு ரெண்டா சேத்து 14 பிளொக் எண்டு பாக்குது. ஒரு பிளொக் மற்றதுகள விட நல்லா இறங்கி நிண்டா கோட் போடும். காரின்ர கம்பியூட்டர வாசிக்க கொழுவிற மலிவான ப்ளூடூத் ஓபிடி ஒண்டும் ஃபோனில டொக்டர் பிரியஸ் அப்பும் இருந்தா இந்த 14 பிளொக்கையும் நீங்களே பாக்கலாம். காரை நிப்பாட்டி வச்சுப் பாக்காதேங்கோ, ஏத்தத்தில ஏறேக்கயும் பிரேக் பிடிக்கேக்கயும் பக்கத்தில ஒராள இருந்து பாக்கச் சொல்லுங்கோ. ஆக்ஸிலேற்றர மிதிக்கேக்க ஒரு பிளொக் மட்டும் ஒரு வோல்ட்டுக்கு மேல கீழ விழுந்து, பிரேக்கில மற்றதுகளத் தாண்டி மேல ஏறினா, நான் மேல சொன்ன வறள்றதும் வழியிறதும் அதுதான், கண்ணால பாக்கலாம்.

சரி, பாவிச்ச மொடியூல் எங்கயிருந்து வருது? கொழும்பில எண்டா பஞ்சிகாவத்தைப் பக்கம், மற்ற ஊர்களில பழைய பாட்ஸ் கடையள். மூலம் மூண்டு விதம். ஒண்டு அக்சிடென்ற் பட்ட காரின்ர பக், இது கிடைச்சா பெஸ்ட், ஏனெண்டா கார் செத்தது அடிபட்டு, பற்றரி பழுதாகி இல்ல. ரெண்டாவது ஜப்பானில பிரிச்சு கொண்டெய்னரில வாறது, அது எத்தினை மாசம் எங்க கிடந்தது எண்டு தெரியாது, ஆனா நிண்டதால குறைஞ்ச கொள்ளளவில ஒரு பகுதி சார்ஜ் பண்ணி இறக்கி சார்ஜ் பண்ணி இறக்கினா திரும்பி வரும். மூண்டாவதுதான் கனக்க: ஒருத்தர் பழுதான பக்கக் குடுத்து வேற பக் வாங்குவார், குடுத்த பக்கில செத்தது ரெண்டு, அத எறிஞ்சுபோட்டு மிச்சம் 26ஐயும் "நல்ல செல்" எண்டு தனித்தனியா விக்கிறது. அந்த 26உம் செத்த ரெண்டின்ர கூடப்பிறந்ததுகள். நான் மேல சொன்ன எங்கட பக்கின்ர மிச்சம் 26 மாதிரித்தான். கடைக்காரர் பொய் சொல்லுறார் எண்டு நான் சொல்லேல்ல, அவருக்கும் தெரிஞ்சது அந்த 7.8 மட்டும்தான்.

அதால தனிச் செல் வாங்கிறத விட, ஏலுமெண்டா ஒரே காரில இருந்து கழட்டின முழுப் பக்கா வாங்குங்கோ. 28ஐயும் அளந்து, உங்கட பழைய 28ஐயும் அளந்து, 56இல இருந்து ஒத்துப்போற 28ஐத் தெரிவு செய்யிறது பெரிய வசதி. நாங்கள் அப்பிடித்தான் செய்தம். தனிச் செல்தான் கிடைக்குது எண்டா, மொடியூலில அச்சடிச்சிருக்கிற தொடர் இலக்கத்தைப் பாருங்கோ, கிட்டக் கிட்ட இருக்கிற இலக்கங்கள் எண்டா ஒரே காரில இருந்து வந்திருக்கச் சாத்தியம் கூட. தலைமுறை மாறினதுகளக் கலக்க வேண்டாம், பூட்டினாப் பூட்டுப்படும்தான், ஆனா உள்ளெதிர்ப்பு வேறயா இருந்தா கரண்ட் கூட இழுக்கேக்க ஒண்டு ஒருமாதிரியும் மற்றது வேறமாதிரியும் இறங்கி நிக்கும்.

கையில எடுத்துப் பாக்கேக்க என்ன பாக்கோணும்? ரெண்டு மொடியூல முகத்துக்கு முகம் சேத்துப் பிடியுங்கோ, நடுவில தொட்டு ஓரத்தில இடைவெளி தெரிஞ்சா வீங்கியிருக்கு. முனையின்ர அடியில வெள்ளைப் பொருக்கு மாதிரி படிஞ்சிருந்தா உள்ளுக்க இருக்கிற பொட்டாசியம் ஹைட்ரொக்சைட் கசிஞ்சிருக்கு, அதத் துடைச்சுப்போட்டு விப்பினம், கையால தடவிப் பாக்காதேங்கோ, தோலை எரிக்கும். முனை ஆடுதா எண்டு மெதுவா அசைச்சுப் பாருங்கோ, ஆரோ ஒருக்கா நட்டை கண்டபடி இறுக்கியிருந்தா மரை போயிருக்கும்.

இனி மச்சான்ட விறாந்தைக்கு வருவம். பழைய ஹெட்லைட் பல்ப் ஒண்டு, 55 வொட், ரெண்டு வயர், ரெண்டு முதலைக் கிளிப், ஒரு மீற்றர், ஒரு பள்ளிக்கூடக் கொப்பி. இவ்வளவும்தான் முதல் சோதினைக்கு. பல்ப் 12 வோல்ட்டுக்குச் செய்தது, 7.8இல மஞ்சளாத்தான் எரியும், கிட்டத்தட்ட மூண்டரை அம்பியர் இழுக்கும். மொடியூல் இலக்கம் ஒண்டு, சும்மா இருக்கேக்க 7.84, பல்ப் கொழுவின உடன 7.55, ரெண்டு நிமிசம் கழிச்சு 7.48, கழட்டி ஒரு நிமிசத்தில திரும்ப 7.76. நல்ல பிள்ளை. இப்பிடியே போய்க்கொண்டிருக்கு, மச்சான் வாசிக்கிறார், நான் எழுதுறன். பதிமூண்டாவது. சும்மா இருக்கேக்க 7.81, அருமை. பல்ப் கொழுவினா 7.40, சரி கொஞ்சம் குறைவு. ஒரு நிமிசத்தில 7.1. பிறகு எங்கட கண்ணுக்கு முன்னால பல்ப் மங்கிக்கொண்டு வருது, 6.6, 6.2, மச்சான் "கழட்டு கழட்டு" எண்டார். கழட்டி அஞ்சு நிமிசத்தில பாத்தா திரும்ப 7.6 காட்டிக்கொண்டு ஒண்டும் நடக்காத மாதிரி கிடக்கு. இதைத்தான் கடையில 7.8 நல்ல செல் எண்டு வாங்குறம். அண்டைக்குத்தான் எனக்கு மனசில பதிஞ்சுது, சுமை குடுக்காம அளக்கிற அளவுக்குப் பெறுமதி இல்ல எண்டு.

பல்ப் சோதினை செத்ததையும் சாகப்போறதையும் காட்டும், ஆனா மிச்சத்தில எது எவ்வளவு பிடிக்கும் எண்டு சொல்லாது. அதுக்கு முழுசா சார்ஜ் பண்ணி முழுசா இறக்கோணும். ரிமோட் விளையாட்டுக் கார், ட்ரோன் ஆக்கள் பாவிக்கிற ஹொபி சார்ஜர் இருக்கு, அதில நிக்கல் மெற்றல் ஹைட்ரைட், ஆறு செல் எண்டு வச்சு 3இல இருந்து 5 அம்பியரில சார்ஜ், பிறகு 2 அம்பியர் அளவில 6.0 வோல்ட் வரைக்கும் இறக்கிறது. மொடியூலுக்குள்ள இருக்கிற ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு வோல்ட் கணக்கு, அதுக்குக் கீழ கொண்டுபோகாதேங்கோ. இறக்கி முடிய சார்ஜர் எத்தினை மில்லி அம்பியர் அவர் வந்தது எண்டு காட்டும், அதுதான் உண்மையான எண். முதல் சுத்து எண்ண நம்பாதேங்கோ, கனகாலம் கிடந்த மொடியூல் முதல் சுத்தில 2500, மூண்டாம் சுத்தில 4200 எண்டு வாறதும் இருக்கு, ஒரேயடியா 2500இலயே நிக்கிறதும் இருக்கு. மூண்டு சுத்து எண்டா ஒரு மொடியூலுக்கு ஒரு சுத்து நாலு மணித்தியாலம் வச்சாலே 28க்கும் 336 மணித்தியாலம், ஒரு சார்ஜர் இரவு பகலா ஓடினாலும் ரெண்டு கிழமை. ஆகவே "ஒரு நாளில ரீபில்ட் பண்ணித் தாறம்" எண்டு ஆரும் சொன்னா அங்க கொள்ளளவு அளக்கேல்ல எண்டு நீங்களே கணக்குப் போடலாம்.

சார்ஜர் வாங்க வசதி இல்லையெண்டா இறக்கிற பகுதிய பல்பும் மணிக்கூடும் வச்சே செய்யலாம். முழுச் சார்ஜில இருந்து 6.0 வோல்ட் வர எத்தினை நிமிசம் எண்டு எழுதுங்கோ. மூண்டரை அம்பியர் இழுக்கிற பல்ப் ஒரு மணித்தியாலம் எரிஞ்சா 3500. சரியான எண் வராட்டியும் ஒண்டோட ஒண்ட ஒப்பிட அது காணும், எங்களுக்குத் தேவையும் ஒப்பீடுதான். கடைசிப் பத்து நிமிசம் எழும்பிப் போகாதேங்கோ, ஏனெண்டா விழத் தொடங்கினா கடகடவெண்டு விழும்.

கனபேர் பிழைவிடுற இடம் ஒண்டு இருக்கு. மொடியூல தனியா மேசையில வச்சு சார்ஜ் பண்ணக்கூடாது. பக்குக்குள்ள இருக்கேக்க ரெண்டு பக்கமும் இரும்புத் தட்டால இறுக்கி நெரிச்சு வச்சிருக்கும், அதுக்குக் காரணம் இருக்கு. சார்ஜ் ஆகேக்க உள்ளுக்க அழுத்தம் கூடும், சுவர் பிளாஸ்டிக், பிடிக்க ஒண்டும் இல்லாட்டி வீங்கும், பிறகு திரும்பப் பக்குக்குள்ள போகாது. நாங்கள் ரெண்டு தடிச்ச பலகைத் துண்டு, நாலு நீள போல்ட் வச்சு நடுவில மொடியூல்களை அடுக்கி இறுக்கிப்போட்டுத்தான் சார்ஜ் பண்ணினம், பக்கத்தில மேசை ஃபான். கையால தொட்டுப் பாத்தா இளஞ்சூடு பரவாயில்ல, கை வைக்க ஏலாத சூடு எண்டா உடன நிப்பாட்டுங்கோ.

மூண்டாவது சோதினை கைவேலை இல்லாதது, பொறுமைதான் வேணும். எல்லாத்தையும் முழுசா சார்ஜ் பண்ணி, அடுத்த நாள் வோல்ட் எழுதி, ரெண்டு கிழமை தொடாம விட்டுட்டுத் திரும்ப எழுதுங்கோ. எல்லாம் கொஞ்சம் இறங்கும், அது இயல்பு. எல்லாம் 8.0இல இருந்து 7.8க்கு வந்திருக்கேக்க ஒண்டு மட்டும் 7.2 எண்டு நிண்டா அது ஒழுகிற குடம். 5000 பிடிச்சாலும் எடுக்காதேங்கோ. அது பக்குக்குள்ள போனா ஒவ்வொரு இரவும் மற்றதுகள விடக் கூட இறங்கி, கொஞ்ச நாளில அதே கோட்டக் கொண்டுவரும். 2022இல பெற்றோல் இல்லாம கார் மாசக்கணக்கா வீட்டில நிண்டதும், பிறகு கியூஆர் கோட்டில கிழமைக்கு 20 லீற்றர் எண்டு ஓடினதும் ஞாபகம் இருக்கும், எங்கட பக் நலியத் தொடங்கினது அந்தக் காலத்தில எண்டுதான் நான் நினைக்கிறன், ஏனெண்டா நிக்கிற பற்றரியில ஒவ்வொரு மொடியூலும் தன்ர தன்ர வேகத்தில இறங்கி ஒண்டோட ஒண்டு ஒத்துப்போறத இழந்துடும்.

இப்ப எண்கள் கையில வந்தாச்சு, எப்பிடித் தெரிவு செய்யிறது? புது மொடியூல் 6500, பாவிச்சதில அத எதிர்பாக்க வேண்டாம். எங்களுக்கு 56இல இருந்து 4000க்கும் 4700க்கும் இடையில 28 கிடைச்சுது. 5600 பிடிக்கிற ஒண்டும் இருந்துது, அத நாங்கள் போடேல்ல, ஸ்பெயரா வச்சம். மச்சானுக்கு மனசில்ல, "இருக்கிறதிலயே திறமான செல்ல விடுறியோ" எண்டார். ஆனா குடக் கதையத் திரும்ப நினைச்சுப் பாருங்கோ, 27 குடம் பத்துக் கோப்பை எண்டா பதினாலு கோப்பைக் குடத்தால என்ன லாபம்? மிச்சம் நாலு கோப்பையும் ஒருநாளும் பாவிக்கப்படாது. ஒரே மாதிரி 4200 பிடிக்கிற 28, கலந்து கட்டின 3000உம் 6000உம் உள்ள பக்க விட எத்தினையோ மடங்கு நல்லது. பிளொக்கில சோடி சேக்கேக்கயும் கிட்டக்கிட்ட எண் உள்ள ரெண்டைச் சோடியா வையுங்கோ. மற்றது, பக்கின்ர நடுவில இருக்கிறதுகளுக்குத்தான் சூடு கூட, ஓரத்தில இருக்கிறதுகளுக்கு காத்து நல்லாப் படும், அதால உள்ளதில பலமானதுகளை நடுவில வச்சு மற்றதுகளை ஓரத்துக்கு விட்டம்.

அளந்து முடிய உங்கட பழைய 28இல ஆறேழுக்கு மேல பழுது எண்டா, அதோட வாங்கின பக்கிலயும் ஒழுங்கா ஒண்டும் தேறேல்ல எண்டா, என்ர அபிப்பிராயம் விட்டுடுங்கோ. புதுப் பக் அல்லது புது செல் போட்ட பக் ஒண்டுக்குக் காசு சேக்கிறது புத்தி. ரீபில்ட் பண்ணின பக் வயசைத் திருப்பிக் குடுக்காது, ஒழுங்காச் செய்தா ஒண்டிரண்டு வருசம் நிம்மதியா ஓடும், அதுக்கேத்த காசைத்தான் அதில போடோணும்.

பிரிக்கிறதப் பத்தி. இது விளையாட்டு இல்ல, 28 மொடியூல் சேந்தா மீற்றரில 218 வோல்ட் நேர் மின்னோட்டம், பிடிச்சா விடாது. கார் ஓஃப், சாவியக் காருக்குத் தூரமா வைக்கோணும், காரில தனியா இருக்கிற சின்ன 12 வோல்ட் பற்றரியின்ர நெகற்றிவ்வக் கழட்டோணும், ஓரஞ்சு நிறப் பிடி உள்ள சேவிஸ் பிளக்க இழுத்துக் கழட்டிப் பொக்கற்றுக்க வச்சுக்கொண்டு பத்து நிமிசம் காத்திருக்கோணும், இன்வேற்றரில தங்கின மின் இறங்க. ஆயிரம் வோல்ட் தாங்கிற ரப்பர் கையுறை போடோணும், மோதிரம், மணிக்கூடு, சங்கிலி ஒண்டும் வேண்டாம். இன்னும் ஒண்டு வடிவா விளங்கிக்கொள்ளுங்கோ: சேவிஸ் பிளக் கழட்டினா பற்றரி சாகிறேல்ல, சங்கிலி ஒரு இடத்தில வெட்டுப்படுது, அவ்வளவுதான். ரெண்டு பக்கத் துண்டிலயும் மின் அப்பிடியே இருக்கு. செப்புத் தகடுகளைக் கழட்டிக் கழட்டித்தான் அது சின்னச் சின்னதாக் குறையும். தனிய நிண்டு செய்யாதேங்கோ, பக்கத்தில ஒராள் கட்டாயம். மூண்டாம் தலைமுறை பிரியஸ் ஆக்களுக்கு இன்னொண்டு, டிக்கி திறக்கிறது மின்னாலதான், 12 வோல்ட்டக் கழட்டிப்போட்டு டிக்கிய மூடினியளெண்டா பின்சீற்றால ஊர்ந்துதான் போகோணும்.

திரும்பப் பூட்டேக்க மொடியூல்கள் ஒண்டு விட்டு ஒண்டு திருப்பி வச்சிருக்கும், ஒண்டின்ர பிளஸ்ஸுக்குப் பக்கத்தில மற்றதின்ர மைனஸ் வரோணும். கழட்ட முதல் நாலு பக்கத்தாலயும் ஃபோட்டோ எடுத்து வையுங்கோ. செப்புத் தகடுகளில பச்சை நீலமாப் பூத்திருந்தா வினாகிரியில ஊறவிட்டு, நல்லாக் கழுவி, முழுசாக் காயவிட்டுப் பூட்டுங்கோ. செல் நல்லா இருந்தும் இந்தப் பச்சைப் படிவாலயே பிளொக் வோல்ட் பிழையாக் காட்டி கோட் வாறது உண்டு. நட்டுக்கு 5.4 நியூட்டன் மீற்றர்தான், கைக்கு ஒண்டுமே இல்லாத மாதிரி இருக்கும், பலத்தக் காட்டினா முனை பிளாஸ்டிக்கோட கழண்டு வரும். எங்களுக்கு ஒரு நல்ல மொடியூல் அப்பிடித்தான் போச்சு. எல்லாம் பூட்டி முடிய, காருக்குள்ள வைக்க முதல், ஒவ்வொரு மொடியூலாக் கூட்டிக்கொண்டு வந்து வோல்ட் பாருங்கோ, ஒவ்வொண்டுக்கும் 7.8 அளவு கூடிக்கொண்டு போகோணும். ஒரு இடத்தில கூடாமக் குறைஞ்சா அங்க ஒண்டு தலைகீழா இருக்கு.

பூட்டுறதோட ஃபானையும் பாருங்கோ. பின்சீற்றுக்குப் பக்கத்தில இருக்கிற கிறில்லால காருக்குள்ள இருக்கிற காத்த இழுத்துத்தான் பற்றரி குளிருது, அதில பையை வச்சு மூடினாலோ உள்ளுக்க தூசியும் தலைமயிரும் அடைச்சாலோ எங்கட வெக்கைக்கு பற்றரி வேகும். எங்கட ஃபானக் கழட்டினா சின்னச் சக்கரம் முழுக்க சாம்பல் நிறக் கம்பளி மாதிரி தூசி, அந்த ஹெயர் ட்ரையர் சத்தம் ஏன் வந்தது எண்டு அப்பதான் விளங்கிச்சு. அதத் துப்புரவாக்காமப் புது செல் போட்டிருந்தா அதுகளையும் அவிச்சிருப்பம்.

ஹொண்டா வெசல், ஃபிட் ஜிபி5 ஹைபிரிட் வச்சிருக்கிறாக்கள் தயவுசெய்து இதில ஒண்டையும் செய்யாதேங்கோ. அதுகளில லித்தியம் பற்றரி, 48 செல், குணமே வேற, பிழையான சார்ஜர் கொழுவினா நெருப்புப் பிடிக்கும். நான் எழுதின எல்லாம் நிக்கல் வகைக்கு மட்டும்.

எல்லாரும் தாங்களாச் செய்யோணும் எண்டு நான் சொல்லேல்ல. கராஜில குடுக்கிறதெண்டா மெக்கானிக் அண்ணையிட்ட நாலு கேள்வி கேளுங்கோ: முழுப் பக்கையும் அளப்பியளோ பழுதானத மட்டுமோ, ஒவ்வொண்டும் எத்தினை மில்லி அம்பியர் அவர் எண்டு எழுதித் தருவியளோ, சார்ஜ் பண்ணி எத்தினை நாள் விட்டுப் பாத்தனியள், ஃபான் துப்புரவாக்கினியளோ. அந்தத் தாளைத் தாறவரிட்ட கொஞ்சம் கூடக் குடுத்தாலும் பரவாயில்ல.

நாங்கள் பூட்டி முடிச்சு மூண்டாம் கிழமை திரும்பக் கண்டிக்கு வெளிக்கிட்டம். கடுகண்ணாவை ஏத்தத்தில மச்சான் ஃபோனைப் பிடிச்சுக்கொண்டு 14 பிளொக்கையும் சத்தமா வாசிச்சுக்கொண்டு வந்தார், எண்டாலும் என்ர கண் அந்த முக்கோணம் வாற இடத்தை விட்டு அசையேல்ல. உச்சத்தில கூடினதுக்கும் குறைஞ்சதுக்கும் வித்தியாசம் 0.3. அதைக் கொப்பியில கடைசிப் பக்கத்தில எழுதி வச்சிருக்கிறன், மாசத்துக்கு ஒருக்கா ஏதாவது ஏத்தத்தில திரும்ப வாசிச்சு அதுக்குக் கீழ எழுதுறம், இது 0.8, 0.9 எண்டு போகத் தொடங்கினா ஸ்பெயரா வச்சதுகளத் திரும்ப மேசைக்கு எடுக்கோணும். செத்த மொடியூல்களைக் குப்பையில போடேல்ல, அதில நிக்கல் இருக்கு, பழைய பற்றரி எடுக்கிற ஆள் வந்து நிறுத்து எடுத்துக்கொண்டு போனவர்.